பாட்டைப் படம் பிடிக்கிறார்கள்!

அமெரிக்கத் திறந்தவெளி இசை விழாக்களில் போட்டோக்காரர்கள் படும் பாடு

பாட்டைக் காதால் கேட்கலாம். கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும் என்கிறார்கள், அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார். அவர்கள் கையில் வாத்தியம் கிடையாது. காமிராதான் உண்டு.

கோடைக்காலம் வந்துவிட்டால் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இசை விழா நடக்கிறது. மண்டபத்தில் அல்ல, புல்வெளியில், பண்ணையில், மலை அடிவாரத்தில், பூங்காவில்! ஒரு பக்கம் மேடை போடுகிறார்கள். எதிரே மக்கள் விரிப்பை விரித்தும் மடக்கு நாற்காலியைப் போட்டும் உட்காருகிறார்கள். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மூன்று நாள், நான்கு நாள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள்.

மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சந்து விட்டிருப்பார்கள். அகலம் சில அடிதான். அந்தச் சந்தில் சிலர் குனிந்தும், முழங்காலிட்டும், ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நகர்ந்தும் வேலை செய்கிறார்கள். அவர்கள்தான் விழாப் போட்டோக்காரர்கள்.

நாளைக்கு அந்தப் பாடகர் இருப்பாரோ, மாட்டாரோ, படம் இருக்கும். அதுதான் அவர்கள் வேலையின் பெருமை. பொறுப்பும் அதுதான்.

புல் நீல நிறமா?

இந்த இசைக்குப் பெயர் "புளூகிராஸ்." நீலப் புல் என்று பொருள்.

கென்டக்கி என்பது அமெரிக்காவின் ஒரு மாநிலம். அங்கே ஒரு வகைப் புல் ஏராளமாக வளர்கிறது. புல் என்னவோ பச்சைதான். பூக்கும் காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் நீலம் பாரித்தாற்போல் தெரியும். அதனால் கென்டக்கிக்கு "நீலப்புல் மாநிலம்" என்று செல்லப் பெயர்.

அந்த மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரில் 1911-ம் ஆண்டு பில் மன்றோ பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அண்ணன்மார் பிடிலையும் கித்தாரையும் எடுத்துக்கொண்டார்கள். கடைக்குட்டிக்கு மிஞ்சியது மாண்டலின்!

சிறு வயதில் அவருக்கு ஒரு கண் உள்பக்கம் சாய்ந்திருந்தது. பார்வையும் மங்கல். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். வெளியாட்கள் வீட்டுக்கு வந்தால் ஓடி ஒளிந்துகொள்வார். பத்து வயதில் தாயை இழந்தார். பதினாறு வயதில் தந்தையையும் இழந்தார். பிடில் வாசிக்கும் தாய்மாமன் ஒருவர் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார்.

அந்தக் கூச்ச சுபாவமுள்ள பையன்தான் பின்னால் புதிய இசையையே உண்டாக்கினார். தம் கோஷ்டிக்குச் சொந்த மாநிலத்தின் நினைவாக "புளூ கிராஸ் பாய்ஸ்" என்று பெயர் வைத்தார். 1939-ம் ஆண்டு, நாஷ்வில் நகரில் நடக்கும் "கிராண்ட் ஓல் ஆப்ரி" என்ற புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியில் இடம் பிடித்தார். கோஷ்டியின் பெயரே நாளடைவில் இசைக்கும் பெயராகிவிட்டது.

ஐந்து வாத்தியங்கள்

புளூகிராஸ் கோஷ்டியில் பெரும்பாலும் ஐந்து வாத்தியங்கள் இருக்கும். மாண்டலின், பிடில், கித்தார், பாஞ்சோ, ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ் பிடில். டிரம் வழக்கமாக இருக்காது. மின்சார வாத்தியங்களும் அபூர்வம்.

பாஞ்சோ என்பது கஞ்சிராவுக்குக் காம்பு வைத்து நரம்பு கட்டினாற்போல் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வாத்தியத்திலிருந்து வந்தது. பிடில் இசை ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. மாண்டலின் இத்தாலி நாட்டுச் சரக்கு. இப்படிப் பல கண்டங்களின் வாத்தியங்கள் ஒரே மேடையில் சேர்ந்தன.

இந்தப் பழைய நாட்டுப்புற வேரிலிருந்து கிளைத்த பல வகைப் பாட்டுகளை எல்லாம் சேர்த்து இப்போது "அமெரிக்கானா" என்று சொல்கிறார்கள். 1999-ம் ஆண்டில் இதற்கென்று ஒரு சங்கமே தோன்றியது. பல விழாக்களில் இரண்டும் கலந்தே நடக்கின்றன.

குதிரைப் பண்ணையில் முதல் விழா

தொடக்கத்தில் இந்தப் பாடகர்கள் ஓர் ஊரில் ஒரு நாள் பாடிவிட்டு அடுத்த ஊருக்குக் காரில் ஓடுவார்கள். பல கோஷ்டிகளை ஒரே இடத்தில் பல நாள் பாடவைத்தால் என்ன என்று கார்ல்டன் ஹேனி என்பவர் நினைத்தார். 1965-ம் ஆண்டு செப்டம்பரில், வர்ஜீனியா மாநிலத்தில் பின்காசில் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு குதிரைப் பண்ணையில் மூன்று நாள் விழா எடுத்தார்.

ஒரு காலத்தில் மன்றோவிடம் வாசித்துவிட்டுப் பிரிந்து போனவர்கள் பலரை அங்கே வரவழைத்தார். ஒவ்வொருவராக மேடையேறிப் பழைய குருவோடு சேர்ந்து பாடினார்கள். இசையின் கதையையே மேடையில் நடத்திக் காட்டிவிட்டார் ஹேனி!

அதன் பிறகு விழாக்கள் பெருகின. 1967-ம் ஆண்டில் இந்தியானா மாநிலத்தில் பீன் பிளாசம் என்ற ஊரில், தமக்குச் சொந்தமான இடத்தில் மன்றோவே விழா தொடங்கினார். 1974-ம் ஆண்டில் கொலராடோ மலைகளில், 8,750 அடி உயரத்தில் உள்ள டெல்லுரைடு ஊரில் விழா பிறந்தது. 2001-ம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ பூங்காவில் வாரன் ஹெல்மன் என்ற செல்வர் ஒரு விழா தொடங்கினார். அவருக்கு பாஞ்சோ வாசிப்பதில் ஆசை. டிக்கெட்டே கிடையாது, எல்லோருக்கும் இலவசம்! 2011-ம் ஆண்டில் அவர் காலமானார். விழா நிற்கக்கூடாது என்று பணம் ஒதுக்கி வைத்துவிட்டே போனார்.

மூன்றே பாட்டு!

விழாவில் யார் வேண்டுமானாலும் மேடை அருகே போய்ப் படம் எடுத்துவிட முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும். மணிக்கட்டில் வண்ணப் பட்டை கட்டுவார்கள். பட்டை இல்லாவிட்டால் காவலாள் உள்ளே விடமாட்டார்.

உள்ளே போனாலும் கட்டுப்பாடு உண்டு. பல இடங்களில் முதல் மூன்று பாட்டு வரைதான் படம் எடுக்கலாம். நான்காம் பாட்டு தொடங்குவதற்குள் சந்தைவிட்டு வெளியே போய்விட வேண்டும். பிளாஷ் விளக்கு போடக்கூடாது. பாடுகிறவர் கண்ணில் வெளிச்சம் அடித்தால் விரல் தடுமாறும் அல்லவா?

மூன்று பாட்டு என்றால் சுமார் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில் ஐந்து பேரையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்தாற்போல் ஒரு படமும் வேண்டும். அதற்குள் அடுத்த மேடையில் அடுத்த கோஷ்டி தொடங்கிவிடும். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான்!

இன்னொரு மரியாதையும் உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் விடியற்காலையிலேயே வந்து இடம் பிடித்தவர்கள். போட்டோக்காரர் நிமிர்ந்து நின்றால் அவர்களுக்கு மேடை மறையும். ஆகவே நாள் முழுவதும் குனிந்தே நடக்க வேண்டும். இரவில் முதுகு ஒடிந்துவிடும்.

தொப்பி செய்யும் தொல்லை

படம் எடுப்பவருக்கு முதல் எதிரி வெயில். நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே இருக்கும். கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்துவிடும். போதாக்குறைக்கு இந்தப் பாடகர்களில் பலர் அகலமான தொப்பி அணிகிறவர்கள். மன்றோவே வெள்ளைத் தொப்பியும் கோட்டும் டையும் இல்லாமல் மேடை ஏறமாட்டார். தொப்பி பளீரென்று தெரியும். அதன் கீழே முகம் இருட்டு!

இதற்கு ஒரே வழி, பொறுமை. பாடகர் உச்ச ஸ்தாயியை எட்டும்போது தலையை நிமிர்த்துவார். அந்த ஒரு கணம் முகத்தில் வெளிச்சம் விழும். அதற்குக் காத்திருக்க வேண்டும். தாழ்வாக உட்கார்ந்து மேல்நோக்கி எடுத்தாலும் தொப்பியின் விளிம்புக்குக் கீழே முகம் தெரியும்.

மேடைக்குக் கூரை இருந்தால் வேறு தொல்லை. பாடகர் நிழலில் நிற்பார். அவருக்குப் பின்னே வானம் பளபளக்கும். காமிரா வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்துவிடும். படத்தில் வானம் அழகாக விழும். பாடகர் கரிக்கட்டையாகத் தெரிவார். பாஞ்சோவின் வெள்ளைத் தோலும் அதன் பளபளக்கும் வளையமும்கூட இப்படித்தான் ஏமாற்றும். கெட்டிக்காரர்கள் காமிராவை நம்பமாட்டார்கள். முகத்தில் விழும் வெளிச்சம் எவ்வளவு என்று தனியே அளந்து, அதற்குத் தகுந்தாற்போல் காமிராவைத் திருத்திக்கொள்வார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் நிலைமை மாறும். வெயில் சாய்ந்து பொன்னிறமாகும். மரவாத்தியங்கள் தேன் நிறத்தில் மின்னும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நாள் முழுவதும் காத்திருப்பவர்கள் உண்டு.

எந்தப் பக்கம் நிற்பது?

பாடகருக்கு நேர் எதிரே நின்றால் நல்ல படம் கிடைக்கும் என்று நாம் நினைப்போம். அது தப்பு. நேர் எதிரே நின்றால் மைக் வாயை மறைத்துவிடும். வாய் இல்லாத பாடகர் படத்தை யார் அச்சிடுவார்கள்? சற்றுப் பக்கவாட்டில் நகர வேண்டும். அடி முடிந்து பாடகர் மைக்கிலிருந்து தலையைப் பின்னுக்கு இழுக்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும்.

பிடில் வாசிப்பவர் வாத்தியத்தை இடது தோளில் வைத்து, முகத்தையும் இடப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். அவருக்கு வலப்பக்கம் நின்றால் முழங்கையும் காதும்தான் கிடைக்கும். இடப்பக்கம் வந்தால் முகமும் கண்ணும் கிடைக்கும்.

பேஸ் பிடில்காரர் எல்லோருக்கும் பின்னால் நிற்பார். வாத்தியத்தின் நீண்ட கழுத்து அவர் முகத்தைப் பாதி மறைக்கும். பல விழாக்களில் ஒரு படம்கூட விழாமல் வீடு திரும்புகிறவர் அவர்தான். நல்ல போட்டோக்காரர் அவரை மறப்பதில்லை.

பாஞ்சோ வாசிப்பவரின் வலக்கை விரல்கள் மின்னலாக ஓடும். 1945-ம் ஆண்டு மன்றோவின் கோஷ்டியில் சேர்ந்த எர்ல் ஸ்கிரக்ஸ், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் மீட்டி நாட்டையே அசத்தினார். இந்த விரல்களை எப்படி எடுப்பது? காமிராவின் கண்ணை ஒரு விநாடியில் 500-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தால் விரல்கள் அசையாமல் நின்றாற்போல் விழும். 60-ல் ஒரு பங்கு திறந்தால் விரல்கள் புகை போல் கலங்கும். முகம் மட்டும் தெளிவாக இருக்கும். எது நல்லது? இதில் போட்டோக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. கலங்கிய விரலில்தான் பாட்டின் வேகம் தெரிகிறது என்பது ஒரு கட்சி.

ஒரே மைக்!

புளூகிராஸ் மேடையில் ஓர் அழகான வழக்கம் உண்டு. கோஷ்டி முழுவதற்கும் ஒரே மைக் வைப்பது. இது பழைய வானொலிக் கால வழக்கம். இடையில் மறைந்திருந்தது. டெல் மெக்கோரி என்ற பாடகரின் கோஷ்டி 1990-களில் இதை மீண்டும் பிரபலமாக்கியது.

1939-ம் ஆண்டு பிறந்த மெக்கோரி, 1963-ம் ஆண்டில் மன்றோவிடம் வாசித்தவர். பின்னர் தம் இரண்டு மகன்களையும் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். ஒரு மகன் மாண்டலின். மற்றொரு மகன் பாஞ்சோ. எல்லோரும் கோட்டு சூட்டு அணிந்து ஒரு மைக்கைச் சுற்றி நிற்பார்கள். யாருடைய முறையோ அவர் மைக் அருகே வருவார். முடிந்ததும் விலகுவார், அடுத்தவர் நுழைவார். பிடில் வில் ஒருவர் கண்ணில் குத்தாமல், கித்தார் கழுத்து இன்னொருவர் விலாவில் இடிக்காமல், இது ஒரு நடனம் போல் நடக்கும்.

போட்டோக்காரருக்கு இது கொண்டாட்டம். மூன்று தலைகள் ஒன்றாகச் சேர்ந்து பாடும் கணம் ஒன்று வரும். தந்தையும் மகன்களும் ஒரே வட்டத்தில் இருக்கும் படம் எந்தக் குடும்பத்துக்கும் பெரிய சொத்து அல்லவா?

மழை, சேறு, தூசு

திறந்தவெளி என்றால் மழையும் உண்டு. மலையூரில் காலையில் சுட்டெரிக்கும். பிற்பகலில் இடி இடிக்கும். இரவில் ஜூன் மாதத்திலும் குளிரும். மழை வந்தால் பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு, லென்ஸின் முகத்தை மட்டும் வெளியே நீட்டிக் காமிராவுக்குக் குடை பிடிப்பார்கள். தாம் நனைந்தாலும் அது நனையக்கூடாது!

மழை வந்ததென்று மேடையை விட்டு ஓடுகிறவர் நல்ல படங்களை இழப்பார். சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடும் குழந்தைகள், ஒரே தார்ப்பாயின் கீழ் நான்கு குடும்பங்கள், பிடிலைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடும் கிழவர்: இவை எல்லாம் மழை நாளில்தான் கிடைக்கும்.

கூடாரத்துப் பாட்டு

மேடையில் நடப்பது பாதி விழாதான். மீதி விழா கார்கள் நிற்கும் இடத்திலும் கூடாரங்களுக்கு நடுவிலும் நடக்கிறது. விழாவுக்கு வருகிறவர்களில் பலர் சொந்த வாத்தியத்தோடு வருகிறார்கள். இரவில் லாந்தர் வெளிச்சத்தில் முன்பின் தெரியாதவர்கள் வட்டமாக நின்று வாசிக்கிறார்கள். மெக்கானிக்கும் டாக்டரும் பள்ளிச் சிறுமியும் ஒரே பாட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

அங்கே அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால், நாகரிகம் வேண்டும். வட்டத்துக்குள் நுழையக்கூடாது. பாட்டு முடியும் வரை பேசக்கூடாது. படம் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். குழந்தையானால் பெற்றவர்களைக் கேட்க வேண்டும். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அனுப்பிவைத்தால், அடுத்த ஆண்டு அந்தக் கூடாரத்தில் காப்பியும் கிடைக்கும்!

நீல் ரோசன்பர்க் என்ற அறிஞரும் கார்ல் பிளைஷ்ஹவர் என்ற போட்டோக்காரரும் இந்த உலகத்தைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து பதிவு செய்தார்கள். 1966 முதல் 1986 வரை 20 ஆண்டுப் படங்களைச் சேர்த்து 2001-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஹென்றி ஹோரன்ஸ்டைன் என்பவர் வரலாறு படித்துவிட்டுக் காமிராவை எடுத்தவர். 1970-களில் பாடகர்களை மட்டும் அல்ல, கைதட்டிய சாதாரண மக்களையும் எடுத்தார். மறைந்து போகும் உலகம் இது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

கை குலுக்கிய கணம்

ஒரு விநாடிக்கு எவ்வளவு விலை என்பதை ஒரு சம்பவம் காட்டும்.

மன்றோவின் கோஷ்டியில் எர்ல் ஸ்கிரக்சும் லெஸ்டர் பிளாட்டும் சில ஆண்டுகள் இருந்தார்கள். 1948-ம் ஆண்டில் விலகித் தனிக் கோஷ்டி அமைத்தார்கள். பெரும் புகழ் பெற்றார்கள். மன்றோவுக்கு மனம் புண்பட்டது. பேச்சுவார்த்தை நின்றது. ஓராண்டு, ஈராண்டு அல்ல; இருபது ஆண்டுகளுக்கு மேல்!

1971-ம் ஆண்டு பீன் பிளாசம் விழாவுக்கு பிளாட் வந்தார். பழைய பகைவர்கள் கை குலுக்கினார்கள். மேடையில் சேர்ந்து பாடினார்கள். பார்த்திருந்தவர்கள் அதை மறக்கவே இல்லை.

கை குலுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடி, இரண்டு விநாடி. அந்த நாளில் பிலிம் காமிராதான். ஒரு சுருளில் 36 படம். 36 முடிந்தால் சுருளை மாற்ற வேண்டும். மாற்றும் நேரத்தில் கை குலுக்கல் நடந்துவிட்டால் போனது போனதுதான். ஆகவே அந்தக் காலத்துப் போட்டோக்காரர்கள் சுருளில் கடைசி இரண்டு, மூன்று படங்களை எப்போதும் மிச்சம் வைத்திருப்பார்கள். வீட்டில் அவசரத்துக்கு அஞ்சறைப்பெட்டியில் காசு வைப்பதைப் போல!

படம் எடுத்த பாடகர்

லெஸ்டர் பிளாட்டின் கோஷ்டியில் 1972-ம் ஆண்டு 13 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். பெயர் மார்ட்டி ஸ்டூவர்ட். நியூயார்க் நகரத்துப் புத்தகக் கடையில் அவன் ஒரு படத்தொகுப்பைப் பார்த்தான். மில்ட் ஹின்டன் என்ற ஜாஸ் வாத்தியக்காரர் தம் கூட்டாளிகளை எடுத்த படங்கள் அவை. நாமும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றியது. உடனே தாயாரிடம் காமிரா கேட்டான். தாயாரும் படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர். காமிரா வந்தது.

அன்று முதல் ஸ்டூவர்ட் ஒரு கையில் மாண்டலின், ஒரு கையில் காமிரா என்று வாழ்ந்தார். வெளி ஆட்கள் போக முடியாத இடத்துக்கு அவர் போக முடிந்தது. மேடைக்குப் பின்னே, பஸ்ஸுக்குள்ளே, வீட்டுக்குள்ளே. கோட்டைக் கழற்றி வைத்த மன்றோவை அவர் எடுத்திருக்கிறார்.

2003-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, தம் பழைய முதலாளியும் நண்பருமான ஜானி கேஷ் என்ற மாபெரும் பாடகரைப் படம் எடுத்தார். கேஷின் மனைவி அந்த ஆண்டு மே மாதம்தான் இறந்திருந்தார். அவரும் நோயாளியாக இருந்தார். நான்கு நாள் கழித்து, 12-ந் தேதி, கேஷ் கண்ணை மூடினார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

காமிராவைப் பார்க்காத கலைஞர்

டாக் வாட்சன் என்பவர் கித்தார் மேதை. 1923-ம் ஆண்டு பிறந்தார். ஒரு வயது நிறைவதற்குள் கண்ணில் நோய் கண்டு பார்வை போயிற்று. அவருடைய மகன் மெர்லும் கித்தார் வாசிப்பவர். தந்தைக்கு மகன்தான் கண். ஊர் ஊராகச் சேர்ந்து போனார்கள். 1985-ம் ஆண்டில் டிராக்டர் கவிழ்ந்து மெர்ல் இறந்தார். வயது 36தான்.

மகன் நினைவாக 1988-ம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தில் வில்க்ஸ்பரோ ஊர்க் கல்லூரியில் ஒரு விழா தொடங்கப்பட்டது. கல்லூரியில் ஒரு தோட்டம் போடப் பணம் திரட்டவே அது தொடங்கியது. அந்த "மெர்ல் விழா" ஆண்டுதோறும் நடக்கும் பெரிய விழாவாக வளர்ந்தது. 2012-ம் ஆண்டில் மறையும் வரை தந்தை அதில் வாசித்தார்.

பார்வை இல்லாத கலைஞரைப் படம் எடுப்பது எளிதா? எளிதுதான், அதிலேதான் சோதனை. அவர் காமிராவைப் பார்க்க மாட்டார். எந்தக் கோணத்தில் எடுக்கிறார்கள் என்று தெரியாது. எடுத்ததைப் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்லவும் முடியாது. அவருடைய மானத்தை போட்டோக்காரர்தான் காப்பாற்ற வேண்டும். வாட்சனின் நல்ல படங்களில் எல்லாம் அவர் தலை சற்றுச் சாய்ந்து, எதையோ உற்றுக் கேட்பது போல் இருக்கும். குருடர் என்ற நினைப்பே வராது. காது கூர்மையான மனிதர் என்றுதான் தோன்றும்.

வாத்தியமும் சாட்சி சொல்லும்

படத்தைப் பார்த்தே வரலாறு சொல்லலாம். மன்றோவின் மாண்டலின் 1923-ம் ஆண்டு செய்தது. 1940-களில் புளோரிடாவில் முடி திருத்தும் கடை ஒன்றில் பார்த்து வாங்கினார். பிற்பாடு பழுது பார்க்கக் கொடுத்தபோது, செய்த கம்பெனி சரியாகப் பார்த்துத் தரவில்லை என்று அவருக்குக் கோபம். பேனாக்கத்தியால் வாத்தியத்தின் தலையிலிருந்த கம்பெனிப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்! 1980-ம் ஆண்டுவாக்கில்தான் சமாதானம் ஏற்பட்டது. பெயர் மறுபடி பதிக்கப்பட்டது. ஆகவே பெயர் இல்லாத மாண்டலின் படத்தில் இருந்தால், இடைக்காலத்தில் எடுத்த படம் என்று கண்டுகொள்ளலாம்.

1985-ம் ஆண்டில் யாரோ மன்றோவின் வீட்டில் புகுந்து அந்த மாண்டலினை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். வாத்தியம் சில்லுச் சில்லாகிவிட்டது. அதே கம்பெனித் தொழிலாளிகள் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டிச் சரி செய்து கொடுத்தார்கள். 1996-ம் ஆண்டில் மன்றோ காலமானார்.

காசு உண்டா?

இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு சம்பாதிக்கலாம்? பலருக்கு ஒன்றும் இல்லை. விழாவுக்குத் தொண்டராக வேலை செய்து, டிக்கெட் இல்லாமல் பாட்டுக் கேட்பதுதான் கூலி. பத்திரிகைக்கு எடுப்பவர்களுக்கும் முன்போல் வருமானம் இல்லை. கூட்டத்தில் இருக்கும் அத்தனை பேர் கையிலும் படம் எடுக்கும் போன் வந்துவிட்டது.

சில பாடகர்களின் நிர்வாகிகள் ஒப்பந்தம் ஒன்றை நீட்டுவார்கள். எடுக்கும் படத்தின் உரிமை முழுவதும் பாடகருக்கே என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் சொந்தப் படத்தைத் தாமே விற்க முடியாது. போடாவிட்டால் சந்துக்குள் இடம் இல்லை. வேண்டாம் என்று காமிராவை மூடிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது டெல்லுரைடு விழாவும் மெர்ல் விழாவும் நடக்கவில்லை. பாடகருக்கும் வேலை இல்லை. போட்டோக்காரருக்கும் வேலை இல்லை. அந்த ஆண்டில் பலர் செய்த காரியம், பழைய பெட்டிகளைத் திறந்து நெகடிவ்களைத் துடைத்து ஒழுங்கு செய்ததுதான்.

சத்தமில்லாத காமிரா

இன்று பிலிம் குறைந்துவிட்டது. டிஜிட்டல் காமிராவில் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். முன்பு மெல்லிய பாட்டின் நடுவே காமிரா "டக்" என்றால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். இப்போது சத்தமே போடாத காமிரா வந்துவிட்டது.

வசதி வந்தது, வேலையும் கூடியது. ஆயிரம் படத்தில் பத்தைத் தேர்ந்தெடுக்க இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். கண் மூடியது, வாய் கோணியது எல்லாவற்றையும் தள்ள வேண்டும். பாடுகிறவர் நாளை பார்த்தால் வெட்கப்படுவாரா என்று ஒவ்வொரு படத்திலும் கேட்டுக்கொள்பவர்தான் மறு ஆண்டும் அழைக்கப்படுவார்.

முகம் மட்டும் மிஞ்சியது

மன்றோ சிறுவனாக இருந்தபோது கென்டக்கியில் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின இசைஞர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கித்தாரும் பிடிலும் வாசிப்பார். நடன நிகழ்ச்சிகளில் சிறுவன் மன்றோவைத் தம்மோடு வாசிக்க அழைத்துக்கொள்வார். அவரிடம் கற்றதை மன்றோ கடைசி வரை நன்றியோடு சொன்னார்.

ஷுல்ட்ஸ் 1931-ம் ஆண்டில் இறந்தார். அவர் வாசித்த இசை எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை. ஒரு நாட்டின் இசைக்கே வித்திட்டவர்களில் ஒருவர், எப்படி வாசித்தார் என்று இன்று கேட்க வழியில்லை. கையில் கித்தாரோடு அவர் இருக்கும் பழைய படம்தான் மிஞ்சியிருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால், வெறும் பெயர்தான்.

அதனால்தான் பொறுப்புள்ள போட்டோக்காரர்கள் பெரிய மேடையில் பெயர் பெற்றவரை எடுத்ததோடு நிற்பதில்லை. சின்ன மேடைக்கும் போகிறார்கள். பிற்பகல் வெயிலில், இருபது பேர் முன்னால், கை நடுங்கப் பிடில் வாசிக்கும் பெண் குழந்தையையும் எடுக்கிறார்கள். 13 வயதில் மார்ட்டி ஸ்டூவர்ட்டும் அப்படி நின்றவர்தானே!

எடுத்த படத்தோடு பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வைக்கிறார்கள். பெயர் எழுதாத படம் பத்து ஆண்டில் அனாதையாகிவிடும் என்பது அவர்கள் அனுபவம். இந்த ஒரு பாடத்தை, காமிரா பிடிக்கத் தெரியாதவர்களும் கற்றுக்கொள்ளலாம். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய படங்களை எடுங்கள். யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.